உலகச் சந்தைக்கு மின்னணுப் பொருள் செய்யும் நிறுவனங்களின் ரிஸ்க்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு பெரிய மின்னணு உற்பத்தி நிறுவனத்தின் பங்கை வாங்கலாமா என்று யோசிப்பவர், அங்கே வேலைக்குச் சேரப்போகிறவர், அதற்கு உதிரிபாகம் விற்பவர் ஆகிய மூவருக்காகவும் இந்தப் பக்கம். ஆண்டறிக்கைகளில் சட்டம், தொழிலாளர், போட்டி என்று தனித்தனித் தலைப்புகளில் ரிஸ்க்குகளை எழுதியிருப்பார்கள். நடைமுறையில் அவை அப்படித் தனித்தனியாக வருவதில்லை. ஒன்று வந்தால் அதன் பின்னாலேயே மற்ற இரண்டும் வந்துவிடுகின்றன. கீழே உள்ள பதில்களை அந்த நோக்கில் படியுங்கள்.

எந்த மாதிரி நிறுவனங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

இரண்டு வகை. சாம்சங், சோனி போலத் தன் பெயரிலேயே விற்பவை ஒரு வகை. மற்றவர்களின் பெயரில் விற்கும் பொருளைச் செய்து கொடுக்கும் ஒப்பந்த உற்பத்தியாளர்கள் இன்னொரு வகை: ஃபாக்ஸ்கான் என்று நாம் அறியும் தைவானின் ஹான் ஹாய், பெகாட்ரான், ஃப்ளெக்ஸ், ஜேபில், சீனாவின் லக்ஸ்ஷேர். இங்கே பெரும்பாலும் இரண்டாம் வகையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அடி வாங்கினால் தாங்கும் சக்தி அவர்களுக்குத்தான் குறைவு.

ஏன் குறைவு? அவர்களின் விற்பனை பிரம்மாண்டமாக இருக்கிறதே?

விற்பனை பெரிது, லாபம் மெலிசு. ஹான் ஹாயின் மொத்த லாப விகிதம், அதாவது பொருளைச் செய்யும் நேரடிச் செலவை மட்டும் கழித்தால் விற்பனையில் மிஞ்சும் பங்கு, பல ஆண்டுகளாக 6 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. அதிலிருந்து நிர்வாகம், ஆராய்ச்சி போன்ற செலவுகளைக் கழித்தால் மிஞ்சுவது விற்பனையில் இரண்டு மூன்று சதவீதம்.

இது எவ்வளவு மெலிசு என்று ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 ரூபாய் விற்பனையில் 3 ரூபாய் லாபம், 8 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். கூலி 15 சதவீதம் ஏறினால் கூடுதல் செலவு 1 ரூபாய் 20 பைசா. லாபம் 3 ரூபாயிலிருந்து 1 ரூபாய் 80 பைசாவுக்கு இறங்கிவிடும். அதாவது 40 சதவீதம் காலி. விற்பனை ஒரு பைசாகூடக் குறையவில்லை, ஒரு வாடிக்கையாளரும் போகவில்லை, ஆனாலும் இந்த நிலை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு ஆண்டறிக்கையின் ரிஸ்க் பக்கங்களைப் படித்தால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரித் தெரியும்.

சட்ட ரிஸ்க் என்றால் அபராதம்தானே? கட்டிவிட்டுப் போகலாமே?

அபராதம் சமாளிக்கக்கூடியது. சரக்கு நின்றுபோவதுதான் கொல்லும்.

2001 கடைசியில், கிறிஸ்துமஸ் விற்பனைக் காலத்தில், நெதர்லாந்து அதிகாரிகள் சோனியின் பிளேஸ்டேஷன் கருவிகள் சுமார் 13 லட்சத்தைத் தடுத்து வைத்தார்கள். காரணம், கருவியோடு வந்த கேபிளில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்தது. அந்தக் கேபிளைச் செய்தது சோனி அல்ல, சப்ளையர் சங்கிலியில் இருந்த வேறொருவர். ஆனாலும் பண்டிகைக் காலச் சரக்கு சோனியுடையது, பெயரும் சோனியுடையது. சப்ளையர்களை அடிவரை தோண்டிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் இந்தத் துறையில் வேரூன்ற இந்தச் சம்பவம் ஒரு முக்கியக் காரணம்.

2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், மின்னணுப் பொருட்களில் நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஆர்ஓஹெச்எஸ் விதி அமலுக்கு வந்தது. ஈயம், பாதரசம், ஆறு இணைதிறன் குரோமியம், தீத்தடுப்புக்குச் சேர்க்கும் இரண்டு புரோமின் சேர்மங்கள் ஆகியவை 0.1 சதவீதத்துக்கு மேல் கூடாது. காட்மியத்துக்கு வரம்பு இன்னும் கடுமை, 0.01 சதவீதம். 2019 ஜூலையில் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் நான்கு தாலேட்டுகளும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன.

0.1 சதவீதம் என்பது முழுப் பொருளின் எடையிலா?

இல்லை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். இயந்திர முறையில் அதற்குமேல் பிரிக்க முடியாத ஒவ்வொரு ஒற்றைப் பொருளுக்கும் தனித்தனியாக இந்த வரம்பு பொருந்தும். ஒரு திருகை எடுத்துக்கொண்டால் அதன் எஃகு ஒரு பொருள், மேலே இருக்கும் பூச்சு இன்னொரு பொருள்.

சரக்கு வந்து இறங்கும் இடத்தில் ஓர் ஊழியர் துப்பாக்கி போன்ற எக்ஸ்ரே கருவியை அந்தத் திருகின் மேல் வைத்து அழுத்துவார். சிறிது நேரத்தில் திரையில் தனிமங்களின் பெயரும் அளவும் வந்துவிடும். ஆனால் அந்தக் கருவி குரோமியம் இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது தீங்கில்லாத உலோகக் குரோமியமா, தடை செய்யப்பட்ட ஆறு இணைதிறன் வகையா என்று அதற்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் வேதிச் சோதனை செய்ய வேண்டும். ஒரு சர்வரில் ஆயிரக்கணக்கான பாகங்கள் இருக்கும். எல்லாவற்றையும் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாது என்பதால் கடைசியில் சப்ளையர் தரும் சான்றிதழை நம்பித்தான் ஓட்டுகிறார்கள். அந்தக் காகிதம் பொய்யாக இருந்தால் மாட்டிக்கொள்வது உற்பத்தியாளர்.

ஈயத்தை விட்டதால் தொழிற்சாலைக்குள்ளேயும் நிறைய மாறியது. பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் பழைய ஈய-வெள்ளீயக் கலவை (சாலிடர்) 183 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்குப் பதிலாக வந்த வெள்ளீயம்-வெள்ளி-செம்பு கலவைக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். சூளை, சர்க்யூட் போர்டு, பாகங்கள் எல்லாமே அந்தச் சூட்டைத் தாங்கியாக வேண்டும் என்றாகிவிட்டது. மாற்றுப் பொருளே இல்லாத சில இடங்களில் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதற்குக் காலக்கெடுவும் உண்டு. கெடு முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால் நேற்றுவரை சட்டப்படி செல்லுபடியான பாகம் இன்று செல்லாததாகிவிடும்.

இரண்டு நாட்டுச் சட்டங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்?

இப்போதைக்கு மிகப் பெரிய சட்ட ரிஸ்க் இதுதான் என்பது என் கணிப்பு.

2018 ஏப்ரலில் அமெரிக்கா, சீனாவின் தொலைத்தொடர்புக் கருவி நிறுவனமான இசட்டிஇ அமெரிக்க உதிரிபாகங்களை ஏழு ஆண்டுகள் வாங்கக் கூடாது என்று தடை போட்டது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் தன் முக்கிய வேலைகள் நின்றுவிட்டதாக அறிவித்தது. பிறகு 100 கோடி டாலர் அபராதம், 40 கோடி டாலர் பிணைத்தொகை, நிர்வாகக் குழுவையே மாற்றுவது என்று ஒத்துக்கொண்டுதான் மீண்டது.

தடை வாங்கியவரின் கதை அது. நடுவில் நின்றவரின் கதையும் இருக்கிறது. 2019 மே மாதம் ஹுவாவே அமெரிக்கத் தடைப்பட்டியலில் ஏறியது. ஹுவாவேக்குப் பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸ், அமெரிக்க விதியை மீறிவிடக் கூடாது என்று உற்பத்தியை நிறுத்தியது. ஹுவாவேயின் சரக்கு ஃப்ளெக்ஸின் சீன ஆலையில் தங்கிப்போனது. ஹுவாவே கோபப்பட்டு ஃப்ளெக்ஸைத் தன் சப்ளையர் பட்டியலிலிருந்தே நீக்கியது. ஒரு நாட்டின் சட்டத்துக்குக் கீழ்ப்படிந்ததற்கு விலையாக இன்னொரு நாட்டில் பெரிய வாடிக்கையாளரை இழந்தது. ஆர்டர் போனால் அந்த வரிசையில் வேலை பார்த்தவர்களின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. சட்டம், போட்டி, தொழிலாளர் மூன்றும் ஒரே சம்பவத்தில் சேர்ந்து வந்தன.

2021 ஜூனில் சீனாவும் வெளிநாட்டுத் தடைகளை எதிர்க்கும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. சீன நிறுவனங்களுக்கு எதிரான தடைகளை நிறைவேற்றுபவர்கள் மீது அதன்படி நடவடிக்கை எடுக்கலாம். அப்புறம் நிறுவனத்தின் சட்டப் பிரிவு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சிக்கல்தான்.

மூலப்பொருளுக்கும் இதே பிரச்சினையா?

ஆமாம். 2023 ஆகஸ்ட் 1 முதல் சீனா, சில்லுகளுக்குத் தேவைப்படும் காலியம், ஜெர்மானியம் என்ற இரண்டு தனிமங்களையும் ஏற்றுமதி செய்ய அரசு அனுமதி வேண்டும் என்றது. வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் நான்கும் காங்கோ பகுதி ஆயுதக் குழுக்களுக்குப் பணம் தரும் சுரங்கத்திலிருந்து வந்தவையா என்று விசாரித்துச் சொல்ல வேண்டும் என்பது 2010-ல் வந்த அமெரிக்கச் சட்டம். சாலிடரில் வெள்ளீயம், கெப்பாசிட்டரில் டான்டலம், இணைப்புகளில் தங்கம் என்று மின்னணுத் துறையில் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது.

கட்டாய உழைப்புத் தடைச் சட்டங்கள் உற்பத்தியாளரை எப்படித் தொடுகின்றன?

நிரூபிக்கும் பொறுப்பு இடம் மாறிவிட்டது. 2022 ஜூன் 21 முதல் அமலில் இருக்கும் அமெரிக்கச் சட்டத்தின்படி, சீனாவின் ஷின்ஜியாங் பகுதியிலிருந்து ஒரு சிறு பங்கு வந்திருந்தாலும் அந்தப் பொருள் கட்டாய உழைப்பில் செய்யப்பட்டது என்றே சுங்கத்துறை எடுத்துக்கொள்ளும். இல்லை என்று இறக்குமதி செய்பவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும், எந்த நாட்டில் நடந்தாலும் சரி, கட்டாய உழைப்பில் செய்த பொருளைச் சந்தையில் தடுக்கும் விதியை 2024-ல் நிறைவேற்றியது. அது 2027 டிசம்பர் 14 முதல் அமலாகிறது.

இது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். சிரமம் என்னவென்றால், ஒரு சில்லின் சிலிக்கான் எந்தச் சுரங்கத்தின் குவார்ட்ஸிலிருந்து வந்தது என்று காட்டும் காகிதங்கள் பல உற்பத்தியாளர்களிடம் இல்லை. இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் யாரும் வைத்திருக்கவில்லை.

தொழிலாளர் ரிஸ்க் என்றால் வேலைநிறுத்தமா?

வேலைநிறுத்தம் அதில் ஒன்று. அதைவிட மோசமானவை சத்தமில்லாமல் வருபவை.

2009-ல் சீனாவின் சூஜோ நகரில், ஆப்பிளுக்குத் தொடுதிரை செய்துகொடுத்த விண்டெக் நிறுவனத்தின் ஆலையில் தொடுதிரை துடைப்பவர்களுக்குக் கை கால் மரத்துப்போக ஆரம்பித்தது. சிலரால் நடக்க முடியவில்லை. திரை துடைக்க அதுவரை ஆல்கஹால் பயன்படுத்தி வந்தார்கள். அதற்குப் பதிலாக என்-ஹெக்சேன் என்ற கரைப்பானைக் கொடுத்திருந்தார்கள். அது சீக்கிரம் ஆவியாகும், ஒரு திரைக்குச் சில நொடிகள் மிச்சமாகும். காற்றோட்டம் சரியில்லாத அறையில் அந்த ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்ததில் நரம்புகள் பாதிக்கப்பட்டன. 137 பேர் பாதிக்கப்பட்டதாக ஆப்பிள் 2011-ல் வெளியிட்ட சப்ளையர் அறிக்கையில் எழுதியது.

ஒரு திரைக்குச் சில நொடி. யார் அந்த முடிவை எடுத்தாலும் அவருக்கு மேலே விலையைக் குறைக்கச் சொல்லும் அழுத்தம் இருந்திருக்கும். மெலிந்த லாபம் என்று மேலே கணக்கில் சொன்னது தரையில் இப்படித்தான் இறங்குகிறது. ஆண்டறிக்கையில் “தொழிலாளர் உடல்நலம் தொடர்பான வழக்குகள் எங்களைப் பாதிக்கலாம்” என்ற வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம், பாதிக்கப்பட்டவர் முதலில் யார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

2022 அக்டோபர், நவம்பரில் சீனாவின் செங்ஜோ நகரில் ஃபாக்ஸ்கானின் ஐபோன் ஆலையில் நடந்தது வேறு மாதிரி. சுமார் 2 லட்சம் பேர் வேலை செய்த வளாகம். கொரோனா கட்டுப்பாடுகளுக்குப் பயந்து பலர் வெளியேறினார்கள், சிலர் நடந்தே ஊருக்குப் போனார்கள். அவர்கள் இடத்துக்குப் போனஸ் தருவதாகச் சொல்லிப் புதிய ஆட்களை எடுத்தார்கள். சொன்ன போனஸ் வேறு, கிடைப்பது வேறு என்று வந்தவர்கள் கொதித்தார்கள். ஆட்களைச் சேர்க்கும்போது கணினியில் ஏற்பட்ட தொழில்நுட்பப் பிழை என்று நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வேலையை விட்டுப் போக விரும்புபவர்களுக்கு 10,000 யுவான் தருவதாகவும் சொன்னது. இந்த மோதலுக்கு முன்பே, நவம்பர் 6 அன்று, ஐபோன் 14 ப்ரோ ஏற்றுமதி குறையும் என்று ஆப்பிள் அறிவித்திருந்தது. ஒரே ஆலையில் அவ்வளவு உற்பத்தியைக் குவித்து வைத்ததன் விலை அது.

வேலைக்குச் சேரத் தொழிலாளி ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுத்தால் அது நிறுவனத்தின் பிரச்சினையா?

இன்று கண்டிப்பாக நிறுவனத்தின் பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து வரும் தொழிலாளி வட்டிக்குக் கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டுகிறார். வந்த இடத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். கடன் தீரும்வரை அவரால் போக முடியாது. இதைக் கட்டாய உழைப்பு என்றுதான் சொல்ல வேண்டும். மலேசிய மின்னணுத் துறையில் 501 தொழிலாளர்களிடம் தொழிலாளர் நிலைமையை ஆராயும் வெரிட்டே அமைப்பு பேசி 2014-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவர்களில் 28 சதவீதம் பேர் கட்டாய உழைப்புச் சூழலில் இருப்பதாக அது சொன்னது. இந்தத் துறையின் பொதுக் கூட்டமைப்பான ரெஸ்பான்ஸிபிள் பிசினஸ் அலையன்ஸின் நடத்தை விதிப்படி, வேலைக்குச் சேர்வதற்கான கட்டணம் எதையும் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. வாங்கியிருந்தால் திருப்பித் தர வேண்டும்.

இதை அலட்சியப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியாவின் ஒப்பந்த உற்பத்தியாளர் ஏடிஏ ஐஎம்எஸ் உதாரணம். வருமானத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் டைசன் என்ற ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்துகொண்டிருந்தது. தொழிலாளர் நிலைமை பற்றித் தணிக்கை நடந்த பிறகு, 2021 நவம்பரில் டைசன் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக அறிவித்தது. பங்கு விலை சரிந்தது. அந்த ஒரு முடிவு ஒரு நிறுவனத்தையே உலுக்கிவிட்டது.

ரோபோக்கள் வந்துவிட்டால் இந்த ரிஸ்க் போய்விடுமா?

பாதி. சர்க்யூட் போர்டில் பாகங்களை வைக்கும் வேலை ஏற்கனவே இயந்திரத்தின் கையில்தான் இருக்கிறது. கடைசிக் கட்ட அசெம்பிளிதான் கடினம். வளையும் மெல்லிய கேபிளைச் செருகுவது, குட்டித் திருகுகளைப் போடுவது, ஒட்டுவது போன்றவற்றுக்கு மனிதக் கைதான் தேவைப்படுகிறது. மாடல் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ரோபோவையும் அதற்கேற்ப மறுபடி அமைக்க வேண்டும்.

தவிர, இயந்திரம் அதிகமானால் அதை ஓட்டத் தெரிந்தவர்களின் தேவையும் அதிகமாகும். தைவானின் சில்லு உற்பத்தி நிறுவனமான டிஎஸ்எம்சி, அமெரிக்காவில் உள்ள தன் அரிசோனா ஆலையின் முதல் உற்பத்தியை 2024-லிருந்து 2025-க்குத் தள்ளிப்போட்டது. நுட்பமான இயந்திரங்களை நிறுவத் தெரிந்த அனுபவசாலிகள் போதவில்லை என்பதை 2023-ல் அது காரணமாகச் சொன்னது. அப்படிப்பட்டவர்கள் வேலை மாறும்போது அவர்களோடு தொழில் ரகசியமும் போய்விடலாம் என்ற பயம் வேறு.

போட்டி என்றால் யாரோடு?

முதலில் பக்கத்து நிறுவனத்தோடு. ஐபோன் அசெம்பிளியில் தைவான் நிறுவனங்கள் மட்டுமே இருந்த இடத்துக்குள், தைவானின் விஸ்ட்ரானுடைய சீன ஆலையை வாங்குவதாக 2020-ல் ஒப்பந்தம் போட்டு லக்ஸ்ஷேர் நுழைந்தது. ஜேபில் தன் மொபைல் பாகங்கள் தொழிலை 2023 டிசம்பரில் சீனாவின் பிஒய்டி எலெக்ட்ரானிக் நிறுவனத்துக்கு 220 கோடி டாலருக்கு விற்றுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. தோற்று விலகினார்கள் என்று அதைப் பார்க்கத் தேவையில்லை. லாபம் தேயும் இடத்திலிருந்து நேரத்தோடு வெளியேறுவதும் ரிஸ்க்கைக் கையாளும் வழிதான்.

அதைவிடப் பெரிய போட்டியாளர் வாடிக்கையாளரே. தாங்களே செய்துகொள்கிறோம் என்று அவர் முடிவெடுத்தால் கதை முடிந்தது. கிராஃபிக்ஸ் வடிவமைப்பை இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆப்பிள் சொல்லிவிட்டதாக, அதற்கு அந்த வடிவமைப்பைத் தந்துகொண்டிருந்த பிரிட்டனின் இமாஜினேஷன் டெக்னாலஜீஸ் 2017 ஏப்ரலில் அறிவித்தது. அன்று ஒரே நாளில் அதன் பங்கு பாதிக்கு மேல் விழுந்தது.

சீனப் பொருள் மீதான அமெரிக்க இறக்குமதி வரிக்குப் பயந்து வேறு நாட்டுக்கு ஆலையை மாற்றினால் போதாதா?

கட்டடத்தை மாற்றுவது எளிது, மூலநாட்டை, அதாவது பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டதாகக் கணக்கு என்பதை, மாற்றுவது எளிதல்ல. அமெரிக்கச் சுங்க விதிப்படி, ஒரு பொருள் வேறு நாட்டில் அடிப்படையிலேயே மாற்றம் அடைந்திருந்தால்தான் அந்த நாட்டுப் பொருளாகக் கணக்கு. சீனாவில் செய்த பாகங்களைக் கொண்டுவந்து திருகு மட்டும் போட்டு அனுப்பினால் அது பல சமயம் சீனப் பொருளாகவே இருக்கும். புது இடத்தில் புது ஆட்கள், புதுத் தொழிலாளர் சட்டம், புது சப்ளையர்கள். முதல் சில காலாண்டுகளில் பழுதாகும் பொருளின் எண்ணிக்கை கூடும். மெலிந்த லாபத்துக்கு அதுவும் ஓர் அடி.

ஆண்டறிக்கையில் ரிஸ்க் பகுதி முப்பது பக்கம் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2005 டிசம்பரிலிருந்து இந்தப் பகுதியைக் கட்டாயம் எழுத வேண்டும். பகுதி 15 பக்கத்தைத் தாண்டினால் இரண்டு பக்கத்துக்குள் ஒரு சுருக்கமும் தர வேண்டும் என்று 2020-ல் விதி வந்தது. அந்தச் சுருக்கத்தில் தொடங்குங்கள்.

பிறகு சென்ற ஆண்டு அறிக்கையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலான வாக்கியங்கள் ஆண்டுதோறும் அப்படியே வரும், அவற்றை வேகமாகத் தள்ளலாம். புதிதாகச் சேர்ந்த வாக்கியம், காணாமல்போன வாக்கியம் இரண்டையும் நின்று படியுங்கள்.

“நடக்கலாம்” என்று எழுதியிருந்தால், அது ஏற்கனவே நடந்துவிட்டதா என்று செய்திகளில் தேடுங்கள். நடந்துவிட்டதை நடக்கலாம் என்று எழுதுவது முதலீட்டாளரை ஏமாற்றுவது. பயனர் தகவல் தவறாகப் பயன்படுத்தப்பட்டது தெரிந்த பிறகும் அதை வெறும் சாத்தியமாகவே ஃபேஸ்புக் எழுதிவந்ததாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் குற்றம் சாட்டியது. 2019-ல் அந்த நிறுவனம் 10 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. வேறு துறைதான், ஆனாலும் அதே விதி இங்கேயும் பொருந்தும்.

ரிஸ்க் பகுதியைத் தவிர வேறு எங்கே பார்க்க வேண்டும்?

நிதிநிலை அறிக்கையின் பின்குறிப்புகளில். மொத்த வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் வாடிக்கையாளர் இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது கணக்கியல் விதி. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்பதால் “வாடிக்கையாளர் அ” என்று மட்டும்கூட இருக்கலாம். அந்தச் சதவீதத்தை மூன்று ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் நிறுவனம் ஒருவரின் பிடிக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் அந்த வாடிக்கையாளர் தன் சப்ளையர்களைப் பற்றி வெளியிடும் பொறுப்புணர்வு அறிக்கையையும் எடுத்துப் படியுங்கள். எந்த வகை மீறலைப் பொறுத்துக்கொள்வதில்லை, எதற்குப் புது ஆர்டரை நிறுத்துவார்கள் என்று அதில் எழுதியிருப்பார்கள். அதோடு, கையிருப்புச் சரக்கு விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்றும் பாருங்கள். யாரோ ஆர்டரைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பது பல சமயம் அங்கேதான் முதலில் தெரியும்.